ஏழு பொத்தான்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட நலம், நலமறிய அவா என்பதற்கு மேல் ஓடாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். அப்படிப்பட்டவன் இன்னொருவருடைய உடம்பைப் பற்றி எழுத வருவது தப்புதான். அதுவும், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று பத்து வருஷத்துக்கு மேல் அவர் பொத்தி வைத்திருந்த விஷயம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் குடோனில் எல்லோரும் அவரைச் சட்டையண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அது போதும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு புளியமர வரிசைக்குப் பின்னால் அந்தக் குடோன் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே வாசல், மேலே இரண்டு சின்ன ஜன்னல். பருத்திக்கும் நெல்லுக்கும் தூவுகிற பூச்சிமருந்துப் பவுடர் அங்கேதான் தயாரானது. வடக்கேயிருந்து மூட்டையில் வருகிற மருந்தைத் தரையில் கொட்டி, வெள்ளைக் களிமண் பொடியோடு மண்வெட்டியால் கலந்து, சலித்து, ஐந்து கிலோவும் பத்துக் கிலோவுமாகப் பைகளில் அடைப்போம். ஒன்பது பேர் வேலை பார்த்தோம். மக்கிப்போன மண் மாதிரி ஒரு வாடை. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் சோறு பிசைகிற கையில் அது இருக்கும்.

நான் சேர்ந்தபோது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. அவருக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. அவர் தராசு பார்ப்பவர். நாங்கள் எட்டுப் பேரும் அரை டவுசரும் மூக்கில் கட்டிய துண்டுமாக வெற்று உடம்போடு நிற்போம். வியர்வை வழிகிற முதுகில் பவுடர் அப்பி, மத்தியானத்துக்குள் எல்லோரும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகிவிடுவோம். அவர் மட்டும் முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டு, கைப் பொத்தானையும் மாட்டியிருப்பார். சட்டைக்குள்ளே ஒரு முரட்டுப் பனியன்.

எங்கள் கூட்டத்தில் காதருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன சட்டையண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்கீரா? கார் இன்னும் வரலையோ?"

"எனக்குக் குளிருதுடே."

"சித்திரை வெயிலு மண்டையைப் பொளக்குது. அவியளுக்குக் குளிருதாம்."

"குளிர்ற உடம்புப்பா. என்ன செய்யச் சொல்லுத?"

எதைக் கேட்டாலும் இதே பதில். பம்புசெட்டில் குளிக்கும்போதும் சட்டையோடு தண்ணீருக்கு அடியில் நின்று, ஈரத்தோடு போய் மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிக்கொள்வார். உடம்பில் தேமல் இருக்கும் என்று ஒருவன் சொன்னான். சூடு போட்ட தழும்பு என்றான் இன்னொருவன். முதுகில் பெண்டாட்டி பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார் என்று காதர் சொன்னான். அவருக்குக் கல்யாணமாகி, அந்த அம்மா ஆறு வருஷம் இருந்துவிட்டுப் பிள்ளை இல்லை என்று தேவதானத்தில் அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போயிருந்தது. அதனால் காதர் சொன்னதைச் சிலர் நம்பவும் செய்தார்கள். அந்த அம்மாவுக்குத்தான் கொடுப்பினை இல்லை என்பது ஊர்ப் பேச்சு. அவர் அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு ஆடிப்பூரத்துக்கு எங்கள் செட்டு முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் இழுக்கப் போனோம். வடம் பிடிக்கிற ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார்கள். அவர் சட்டையோடுதான் வடத்தைப் பிடித்தார். நல்ல பலசாலி. வெயிலுக்காக மாடியிலிருந்து பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு குடம் நேராக அவர் மேல் விழுந்தது. சட்டை உடம்போடு ஒட்டியது. சட்டென்று வடத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, குனிந்தபடி கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். "ஆத்தாடி, நெசமாவே குளிருதுபோல" என்றான் காதர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடோனில் எங்களுக்குப் பாலும் வெல்லமும் கொடுப்பார்கள். ஒன்பது டம்ளர் பால், ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம். வெல்லம் தொண்டைத் தூசியை இறக்கிவிடும், பால் மருந்தை முறித்துவிடும் என்று சொல்வார்கள். நாங்கள் அதை முழுசாக நம்பினோம். பால் குடித்ததும் அன்றைக்கு உள்ளே போனதெல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்று ஒரு நிம்மதி வரும். தராசு பார்ப்பதால் வெல்லத்தை உடைத்துப் பங்கு வைப்பதும் அவர்தான். பெரிய உருண்டையை எடுத்து, வீட்டில் கஷ்டப்படுகிறவன் பக்கம் தள்ளிவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொள்வார்.

இன்னொரு கிராக்கியான பொருளும் அங்கே இருந்தது. மருந்து மூட்டையில் வெளியே சாக்கும் உள்ளே காடாத் துணிப் பையும் இருக்கும். கெட்டித் துணி. காலியான பையைக் குலுக்கல் போட்டு எடுத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு தரம் அலசிப் போட்டால் திரைச்சீலை, தலையணை உறை, பிள்ளைகளுக்கு டவுசர் எல்லாம் தைக்கலாம். அந்தத் துணி இருக்கிற வீட்டில் மூட்டைப்பூச்சி அண்டாது என்பது எங்களுக்குக் கூடுதல் பெருமை. அவர் உள்ளே போட்டிருந்த பனியனும் அதில் தைத்ததுதான். அந்த அம்மா இருக்கும்போது தைத்துக் கொடுத்தது. அது கிழிந்த பிறகு அவரே அதே மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டார். பனியன் கடையில் விற்கிறது மெல்லிசாக இருக்கும் என்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, நாலு மாதம் அவர் பங்குக்கு விழுந்த பைகளை எல்லாம் சேர்த்து வைத்து, மூன்று தரம் துவைத்து, தையற்காரரிடம் கொடுத்து ஒரு பெரிய விரிப்பாகத் தைத்து எடுத்து வந்தார். பழைய பஞ்சு வைத்து இரண்டு அடுக்காகத் தைத்தது. "புதுசா படுக்கதுக்கு நல்லது வேணும்லா" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் ஜெயாவும் அதில்தான் படுத்தோம்.

ஜெயா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். அவள் அப்பா தேரடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று ஜெயாவை இரண்டு டாக்டரிடமும் ஒரு நாட்டு வைத்தியரிடமும் காட்டினார்கள். ஊசி போட்டாள். வெறும் வயிற்றில் கசப்புக் கஷாயம் குடித்து வாந்தி எடுத்தாள். என்னை எந்த டாக்டரும் வரச் சொல்லவில்லை. எனக்கு என்ன குறை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் வருஷத்திலிருந்தே எனக்கு அந்த நினைப்பே வருவதில்லை. அலுப்பு என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஜெயா ஒன்றும் கேட்கமாட்டாள். தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சட்டையண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் புது ஜமுக்காளம், கடைத் தாள்கூடப் பிரிக்கவில்லை. என் அம்மாவிடம் அதைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பழைய விரிப்பக் குடுத்திருங்கம்மா, நான் கொண்டு போறேன்" என்றார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாகளா? கிழிசல் ஒண்ணும் இல்லையே, நல்லாத்தான இருக்கு."

"இல்லம்மா, இது புதுசு. அது வேணாம்."

"ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் ஜெயா சிரித்துக்கொண்டே.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி கழுத்துப் பொத்தானைத் தொட்டார். பிறகு, "சரி, வாரேன்" என்று போய்விட்டார். ஜமுக்காளத்தை விருந்தாளிகளுக்கு என்று மடித்துப் பரணில் வைத்தோம். நாங்கள் அந்த விரிப்பிலேயே படுத்தோம்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் என் இடது நெஞ்சில், காம்புக்கு அடியில், பட்டாணி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. மூட்டை அணைத்துத் தூக்கியதில் ரத்தம் கட்டியிருக்கும் என்று நினைத்தேன். தீபாவளிக்குள் அது நெல்லிக்காய் அளவு ஆகி, வலது பக்கமும் ஒன்று வந்தது. மூட்டை உரசினால் உயிர் போகும். ஒரு நாள் தராசுக்கு முன்னால் மூட்டையை இறக்கும்போது என்னை அறியாமல் "ஸ்ஸ்" என்றேன். அவர் எடைக்கல்லைக் கையில் வைத்தபடியே பார்த்தார்.

"அங்கனதான் வலிக்குதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம்புட்டு நாளா?"

"ஆடியில இருந்துண்ணே."

அவர் எடைக்கல்லைத் தட்டில் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் வெல்லத்தைப் பங்கு வைத்தார். அவருடைய டம்ளர் பால் அப்படியே இருந்தது. மறுநாளும் அவர் பால் குடிக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு முற்றியிருந்தது. ஜெயாவுக்கு வசந்தா என்று ஒரு தங்கை, பதினெட்டு வயது. அவளை எனக்கு இரண்டாவதாகக் கட்டி வைத்துவிடலாம், ஜெயாவும் அதே வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று என் அம்மா சொன்னாள். ஜெயாவின் தாய்மாமன், தளவாய்புரத்துக்காரர், அதுதான் மரியாதையான வழி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்வதாக இருந்தது. ஜெயாவை நாலு நாள் முன்பே அங்கே கூட்டிப் போய்விட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? இதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். சனிக்கிழமை பம்புசெட்டில், சட்டையண்ணனிடம்.

ஞாயிறு காலை பஸ்ஸ்டாண்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "நானும் வாரேன்" என்றார். அம்மா முன் சீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் கடைசி சீட்டில். பஸ் ஊரைத் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன மதுரையில ஒரு டாக்டரப் பாத்தேன். சின்ன வயசு. மொதல்ல என்ன வேலைன்னு கேட்டாரு. பொறவு துணி எங்க தொவைக்கீங்க, எதுல படுக்கீங்கன்னாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ஆம்பளை உடம்புல ஊறுத ஒண்ணு இருக்காம். அதுனாலதான் மீசை, ஆசை, பிள்ளை எல்லாம். அத இந்த மருந்து கெடுக்கும்னு சந்தேகப்படுதாகளாம். நெஞ்சும் பொம்பளை மாதிரி வீங்குமாம். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன், ஆனா வேலையை விட்டுருங்கன்னாரு."

"நீங்க விடலியே."

"விட்டா ஏன் விட்டன்னு கேப்பாகல்லா."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் அபூர்வம்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லாண்ணே. ரெண்டு வருஷம்."

"சொன்னா நீ நம்பணும்லா தம்பி. நம்பணும்னா சட்டையக் கழட்டிக் காட்டணும்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "விரிப்பக் கேட்டு வந்தேன். அம்புட்டுதான் முடிஞ்சுது என்னால."

ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சைக்கிள் கடைக்குப் பின்னால்தான் ஜெயாவின் வீடு. பெரியவர்களும் சின்னவர்களுமாகப் பதினோரு பேர் இருந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். ஜெயாவும் வசந்தாவும் அடுக்களை நிலைக்குப் பின்னால் நின்றார்கள். வசந்தா அழுது முகம் வீங்கியிருந்தது. ஜெயா அழவில்லை. அம்மா பேச்சை ஆரம்பித்தாள்.

"எம்மருமக தங்கமான பிள்ளை. நான் ஒரு குறை சொல்லமாட்டேன். ஆனா நாலு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. எனக்கு இருக்கது ஒரே மகன்."

"அதான் பெரியவ சம்மதிச்சிட்டாளே" என்றார் தளவாய்புரத்து மாமா. "மாப்பிள்ளை வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிட்டா தை மாசத்துல முடிச்சிரலாம். என்ன மாப்பிள்ளை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் சட்டையண்ணன், கதவோரத்திலிருந்து.

"நீங்க யாரு?"

"கூட வேலை பாக்கேன்."

"குடும்பப் பேச்சுல வேலைக்காரங்களுக்கு என்ன சோலி?"

அவர் நடுவில் வந்து நின்று கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு அடுத்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், ஏழு பொத்தான். ஐந்தாவது பொத்தான் துளையில் சிக்கி நேரமானது. சட்டை தரையில் விழுந்தது. பனியனைத் தலை வழியாக உருவினார். மருந்துப் பையில் இருந்த நீல எழுத்து அதில் பாதி அழிந்து தலைகீழாகத் தெரிந்தது.

"பொம்பளைக உள்ள போங்கட்டி" என்று மாமா கத்தினார்.

"இருக்கட்டும். அவியளும் பாக்கட்டும்" என்றார்.

வயதுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இருப்பதுபோல் இருந்தது அவர் நெஞ்சு. ஜெயாவின் தம்பி களுக்கென்று சிரித்தான். அவள் அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"எம்பொஞ்சாதியும் இப்பிடித்தான் போனா" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அவகிட்ட ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் அவளச் சொன்னாக. நான் சட்டையப் போட்டுக்கிட்டுச் சும்மா நின்னேன். நாங்க கலக்குத மருந்து செய்யுத வேலை இதுன்னு டாக்டர் சந்தேகப்பட்டாரு. இவனுக்கும் ஆரம்பிச்சிருக்கு. சின்னப் பிள்ளையக் கட்டி வச்சாலும் நாலு வருஷம் கழிச்சு அவளையும் இதே கதவுக்குப் பின்னாலதான் நிறுத்துவீக."

மாமா என் பக்கம் திரும்பினார். "நெசமா மாப்பிள்ளை?"

நான் எழுந்தேன். இரண்டு பொத்தானைக் கழற்றினேன். மூன்றாவதற்குக் கை வரவில்லை. ஆனால் வாய் வந்தது. "நெசந்தான். எனக்கு வசந்தா வேணாம்" என்றேன். பதினோரு பேர் முன்னால் நான் பேசியது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூடுங்கய்யா, பாத்தாச்சு" என்றாள் அவரிடம். கோபமாகச் சொல்லவில்லை. ஜெயா அடுக்களையிலிருந்து வந்தாள். தரையில் கிடந்த சட்டையை எடுத்து, இரண்டு தரம் உதறி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். பனியனை அவள் கொடுக்கவில்லை. காலால் ஓரமாகத் தள்ளினாள்.

பஸ்ஸ்டாண்டுக்கு நான் கூடப் போனேன். "நீ வீட்டுக்குப் போ. நான் தேவதானம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. தேவதானத்தில் என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. அந்த அம்மா திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருஷா வருஷம் மாம்பழக் காலத்தில் அவர் வீட்டுக்குத் தேவதானத்திலிருந்து ஒரு கூடை வந்துகொண்டிருந்தது.

நான் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை பிரிக்கிற வேலைக்குப் போனேன். அவர் சொன்ன அதே டாக்டரிடம் நானும் ஜெயாவும் சேர்ந்து போனோம். என் நெஞ்சு வலி ஒரு வருஷத்தில் அடங்கியது. கட்டி முழுசாகப் போகவில்லை. தொண்ணூறுகளில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். வேலையை விட்டதாலா, மாத்திரையாலா, விரிப்பை மாற்றியதாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. சட்டையண்ணன் கடைசி வரை ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தார். வாசலில் தோளில் ஒரு துண்டோடு, சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். யாராவது உற்றுப் பார்த்தால் துண்டைச் சரி செய்யமாட்டார். என் மகளைத் தூக்கிக் கொண்டு போனால், "குளிருதா தாயி?" என்று கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திங்கள். நான் வேலைக்குப் போகவில்லை. அவர் எட்டு மணிக்குக் குடோனுக்குப் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தரம் காட்டினாராம். காதர்தான் வந்து சொன்னான். அன்று சாயங்காலம் அவனுடையதையும் சேர்த்து மூன்று டம்ளர் பால் மிஞ்சியது.